ஆணியில் தொங்கிய கோட்டு

வெயில் மண்டையைப் பிளக்கும் துபாயில் ரோமக் கோட்டு விற்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், அவளோடு தேரா கடைத்தெருவுக்குப் போய், ஏசிக் காற்றுக்காக ஒதுங்கியபோதுதான் நானே பார்த்தேன். ரஷ்யாக்காரர்களுக்கான கடை. ஆள் உயரக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. கடைப்பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாங்குகிற முகமில்லை என்று சரியாகவே கண்டுகொண்டு போனுக்குத் திரும்பிவிட்டாள். கல்லாவுக்கு மேலே சட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மைதா பசை வாசனை அடித்தது.

ஒரு வீட்டுக் கூடம். பழைய கோட்டு போட்ட, இளைத்துப்போன மனிதர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பாதியில் நிற்கிறார். கறுப்பு உடுத்திய அம்மாள் நாற்காலியிலிருந்து எழுகிறாள். மேஜையோரம் ஒரு பையனுக்கு முகம் மலர்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் மட்டும், வந்தது யாரென்று தெரியாமல், தலையைத் தாழ்த்திக்கொண்டு பார்க்கிறாள்.

எழுபதுகளில் நான் இதே துபாயில் வேலை பார்த்தபோது, கம்பெனி ஆட்கள் தங்கும் எங்கள் கேம்ப் ரூமில் இதே படம் இருந்தது. அப்போதெல்லாம் ஊரில் ரஷ்யப் பத்திரிகைகள் வழவழத் தாளில் மலிவாகக் கிடைக்கும். பாடப் புத்தகத்துக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. ரஷ்ய டிராக்டர் படம் போட்ட அட்டைக்குள் வைத்துத்தான் நானும் கணக்குப் படித்தேன். கணக்கு வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படி ஒரு தாள், முதுகுளத்தூர்ப் பக்கத்து முருகேசனின் தகரப் பெட்டிக்கு அடித்தாளாக வந்து சேர்ந்தது. சைட்டில் கம்பி கட்டுகிறவன் அவன். நான் ஸ்டோர் கிளார்க். மைதாவைக் காய்ச்சி, கட்டிலோரச் சுவரில் அதிலிருந்த இந்தப் படத்தை ஒட்டினான்.

கீழே இருந்த விளக்கம் கிழிந்துபோயிருந்தது. அதனால் ரூமே கூடித் தீர்ப்புச் சொன்னது: இவர் லீவில் வந்தவர்.

"கையில ஒரு பொட்டி கூட இல்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தாரு?" என்றார் சமையல் பார்க்கும் செல்லையா அண்ணன். எல்லோரும் சிரித்தோம். முருகேசன் சிரிக்கவில்லை.

"அந்தப் பாப்பாவப் பாருங்கண்ணே. அப்பன்னு தெரியல அதுக்கு."

அவன் கிளம்பி வரும்போது மகள் வள்ளி கைக்குழந்தை. தன்னை அவளுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

அதற்கு மருந்தாக நாங்கள் எல்லோரும் செய்ததையே அவனும் செய்தான். கீழக்கரை பாய் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு கோட்டு, ஒரு கூலிங் கிளாஸ். ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்த ஒரே கோட்டுதான், தலை மட்டும் வேறு வேறு. எனக்கு அது தொளதொளவென்று இருக்கும் என்பதால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார் பாய். முருகேசனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. போட்டோ ஊருக்குப் போயிற்று. அவன் மனைவி நாள் தவறாமல் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "அப்பா பாரு" என்று பழக்கினாள்.

லீவு கிடைத்தது. வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, வெறும் சட்டையோடு போனான். திரும்பி வந்த அன்று படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வள்ளி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"போட்டோவக் காட்டி, எங்கப்பா அங்கன இருக்காரு, நீ யாருன்னுச்சுண்ணே. கெளம்புற வரைக்கும் கிட்டயே வரல."

எனக்கும் ஊரில் ஒரு பெண் குழந்தை, அதே கோட்டில் ஒரு போட்டோ.

அடுத்த லீவுக்கு முன்னால் பாயை நச்சரித்து அந்தக் கோட்டையும் கண்ணாடியையும் வாங்கிவிட்டான். சித்திரை வெயிலில் அந்தக் கோலத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கினானாம். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாம். வள்ளி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாளாம். வந்து அவன் இதைச் சொன்னபோது ரூமே கைதட்டியது.

"இனிமே எதுக்குடா அந்தப் படம்? கிழிச்சுப் போடு" என்றார் செல்லையா அண்ணன்.

"இருக்கட்டும்ணே" என்றான் முருகேசன். அப்புறம்தான் மீதியைச் சொன்னான்: "சாப்புடும்போதுகூடக் கோட்டக் கழட்டல. ஒருநா மத்தியானம் புழுக்கம் தாங்கல. ஆணில மாட்டிட்டுப் புள்ள பக்கத்துல படுத்தேன். முழிச்சுச்சு. என்னப் பாத்துட்டு மெரண்டு எந்திரிச்சுப் போயி, அந்தக் கோட்டுக் கையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சுண்ணே."



கேம்ப் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஸ்டுடியோ இல்லை, பாயும் இல்லை. முருகேசன் வேறு கம்பெனியில் சேர்ந்து சவூதியில் யான்புக்குப் போனான். அதோடு தகவல் நின்றுவிட்டது. இன்றைக்குப் பிள்ளைகள் பிறந்த அன்றே போனில் அப்பன் முகத்தைப் பார்த்துவிடுகின்றன. வள்ளிக்கு ஐம்பது வயதாகியிருக்கும். அப்பா என்றால் அவளுக்கு என்ன நினைவுக்கு வருமோ, எனக்குத் தெரியாது.

கோட்டு வரிசைக்கு நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கோட்டின் கை ஏசிக் காற்றில் லேசாக ஆடியது. வாசலிலிருந்து மகள், "அப்பா" என்று கூப்பிட்டாள்.

என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பது உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.