கட்டுரைக்குப் போட்ட பூட்டு

இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தும் கலைக்களஞ்சியத்தில் நான் ஒரு நிர்வாகி. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. இரண்டு பேர் ஒரே வரியை மாற்றி மாற்றி அழித்துச் சண்டை போட்டால் பஞ்சாயத்துக்கு நான் போக வேண்டும்.

அந்த வருடம் சண்டை வந்தது, பட்டுக்கோட்டைப் பக்கம் ஓடும் ஒரு கிளை வாய்க்காலைப் பற்றிய கட்டுரையில். கடைசி ஊர் வரை தண்ணீர் பாய்கிறது என்று அதில் ஒரு வரி. கடைமடை விவசாயி ஒருவர் அதை அழிப்பார். வெளியூர்க்காரர் ஒருவர் அரசுக் கையேட்டைக் காட்டி மறுபடி சேர்ப்பார். விவசாயிக்கு வீம்பெல்லாம் இல்லை. சம்பா கருகிய ஊர்களின் பட்டியலில் தன் ஊரும் சேர வேண்டும், சேர்ந்தால்தான் நிவாரணம். அந்த வரி குறுக்கே நிற்குமோ என்று பயந்தார்.

ஆதாரம் கொடுங்கள் என்று கேட்டேன். வெடித்துக் கிடந்த வயலைப் படம் எடுத்துப் போட்டார். எந்த ஊர் வயல் என்று எப்படி நம்புவது என்றார் மற்றவர். அதுவும் நியாயம்தான், என்ன செய்ய? என் பிறந்த வீடு அதே வாய்க்காலின் கடைசியில்தான் இருக்கிறது. எங்கள் சம்பாவும் கருகித்தான் போனது. ஆனால் சொந்தக் கண்ணால் பார்த்தது அங்கே செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இந்த உபதேசத்தைச் செய்தவளே நான்தான்.

ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை அழிப்பும் சேர்ப்பும் நடந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. சண்டை ஆறட்டும் என்று, யாரும் திருத்த முடியாதபடி கட்டுரையைப் பூட்டினேன். பூட்டும்போது எது இருக்கிறதோ அதுவே நிற்கும், அதுதான் முறை. கையேட்டு வரி நின்றது. பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்து உட்கார்ந்தது. மனசு கேட்காமல் விவசாயிக்கு என் கைப்பேசி எண்ணை அனுப்பி வைத்தேன்.

நான்காம் நாள் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நிவாரண மனுவோடு தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்தவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்.

"பூட்டு போட்டிருக்கு பாருங்க, சரிபார்த்த பிறகுதான் பூட்டுவாங்கன்னு சொல்லிட்டாரும்மா. எங்க ஊரு பட்டியல்ல இல்ல."

பூட்டுக்கு அர்த்தம் அது இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நீங்களும் இந்த ஜில்லாதானே, எந்தப் பக்கம் என்று விசாரித்தார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அங்கே தண்ணீர் வந்ததா என்று கேட்டார்.

"வரலைங்க."

"அப்ப தெரிஞ்சுதான் பூட்டுனீங்களாம்மா?"

ஆமாங்க என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.