உள்வயலுக்கு இரண்டு வழி

அண்ணி என்றதும் அவர் வரப்பில் நின்ற ஒரு காலை நேரம்தான் எனக்கு முதலில் வருகிறது. ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் மார்போடு அணைத்துப் பிடித்த லேப்டாப். முந்தின நாள் தை மாதத்து மழை பெய்திருந்ததால் வரப்பு வழுக்கியது. எதிரே ஒரு வயல் தாண்டி, கதிர் சாய்ந்து கிடந்த வயலைக் காட்டி, "இதுக்கு மொத்தம் எத்தனை பக்கம் வழி இருக்கு?" என்று கேட்டார். ஒருவேளை கோபமாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. சந்தையில் தெரியாத காய் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் முகம் மாதிரி இருந்தது.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர் அண்ணி. குழந்தை பிறந்த பிறகு மூன்று வருஷம் பாபநாசம் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தார். அண்ணனிடம் வாடகைக்கு விடுகிற இரண்டு அறுவடை மிஷின்கள் இருந்தன. உறவுக்காரர்களுடைய மூன்றையும் சேர்த்து ஐந்து மிஷின்களுக்கு நான்தான் போன் எடுத்து நோட்டில் எழுதுவேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கேஸ் சிலிண்டரை மூன்று தரம் மூடிப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தரமும் பார்ப்பேன். எழுதியது தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் நான் இரண்டு நோட்டு வைத்திருந்ததைப் பார்த்துத்தான் அண்ணி ஒரு வெப்சைட் செய்ய உட்கார்ந்தார். "ஒரு மிஷின் பல வயலுக்குப் போகுது, ஒரு வயலுக்குப் பல மிஷின் வருது. வயலுக்குப் பக்கத்துல மிஷினை எழுதினாலும் இடம் பத்தாது, மிஷினுக்குப் பக்கத்துல வயலை எழுதினாலும் பத்தாது. நடுவுல மூணாவதா ஒரு பட்டியல் வேணும்," என்றார். எந்த மிஷின், எந்த வயல், என்றைக்கு என்று வரிவரியாக ஒரு பட்டியல். என் நோட்டில் நான் அதைத்தானே எழுதிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் பாதி வயல்களுக்கு ரோடு கிடையாது. முன்னால் இருக்கிற வயலை அறுத்த பிறகு அதன் மேல் ஏறித்தான் மிஷின் உள்ளே போகவேண்டும். இதை நான் சொன்னதும் அண்ணி ஒவ்வொரு வயலுக்கும் 'முன் வயல்' என்று ஒரு கட்டம் வைத்துக் கொடுத்தார். ஆனால் சில வயல்களுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. கட்டமோ ஒன்றுதான். கேட்டால், படிக்காதவள் என்னத்தையோ கேட்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று, இரண்டு வயல் நம்பரையும் நடுவில் கமா போட்டு அந்த ஒரே கட்டத்துக்குள் எழுதிவிட்டேன். ஏற்றுக்கொண்டது. நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அந்தத் தையில்தான், அப்படி ரோடு இல்லாத உள்வயல் ஒன்றில் பயிர் வைத்திருந்த அக்கா போன் செய்தார். குத்தகைக்கு எடுத்த மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர்தான் அவருக்கு இருந்தது. முதல் மழையில் நெல் சாய்ந்துவிட்டது. நாளை மறுநாள் மறுபடி மழை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அதில் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். "ஒரு மிஷின் விடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார். வெப்சைட்டில் அவர் வயலுக்கு நேரே சிவப்பாக 'வழி இல்லை' என்று வந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மிஷினை வேறு ஊருக்கு அனுப்பப் புறப்பட்டார். அண்ணியிடம் போய் அந்த வயலுக்குக் கமா போட்டதைச் சொன்னேன்.

"அதான் விஷயமா? நீ எழுதின ரெண்டையும் சேர்த்து அது ஒரே வயல்னு நினைச்சுக்கிட்டுத் தேடியிருக்கு. அப்படி ஒரு வயலே இல்லையே," என்றார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் இதைப் பண்ணியிருக்கேன். ஒரே ஒரு கட்டம் வச்சது என் தப்பு. வா, போய்ப் பாத்துட்டு வருவோம்."

அப்படித்தான் அந்த வரப்புக்கு வந்தோம். கிழக்கே இருந்த முன் வயல் நீண்டநாள் ரகம், இன்னும் பச்சை மாறவில்லை. தெற்கே இருந்தது ரிட்டையரான பஸ் கண்டக்டர் ஒருவருடைய வயல், அறுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அண்ணி வரப்பிலேயே குந்தி உட்கார்ந்து, 'வழி' என்று புதிதாக ஒரு பட்டியல் போட்டார். உள் வயல், முன் வயல் என்று வரிக்கு ஒரு ஜோடி. ஒரு வயலுக்கு எத்தனை வழி இருந்தாலும் அத்தனை வரி எழுதிக்கொள்ளலாம். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. "வழி இருக்குங்குது பாரு," என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. இங்கே சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். கண்டக்டர் வயலில் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து இரண்டிலை விட்டிருந்தது. மிஷின் ஏறினால் நசுங்கிவிடும். "அது சொல்லிடுச்சு அண்ணி. உளுந்துக்காரர் சொல்லணுமே?"

அண்ணி நிமிர்ந்தார். "சரி. அதை எங்க எழுதணும்? அவர் வயலுக்கு நேரா, 'விடமாட்டார்'னு எழுதிரலாமா?"

யோசித்தேன். அவர் இந்த அக்காவுக்கு விட்டாலும் விடுவார். தன் வயலுக்கு மேற்கே இருப்பவருக்கு விடவே மாட்டார், வரப்பை வெட்டினதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அவர் வயல்லயும் எழுத முடியாது, அக்கா வயல்லயும் எழுத முடியாது. அது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு அண்ணி."

அவர் வழிப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்தார். 'கேட்டாச்சா?' "ஜோடி போட்டா போதும்னு நினைச்சேன். அந்த ஜோடிக்குன்னே ஒரு சேதி இருக்கும்னு எனக்குத் தோணலை," என்றவர், "இப்ப நீ போய்க் கேளு," என்றார்.

யாரிடமும் போய்க் கேட்பதென்றால் எனக்குப் பயம். "நீங்களும் வாங்க அண்ணி" என்றேன். "என்னை யாருன்னு அவருக்குத் தெரியாதே" என்றுவிட்டார். கண்டக்டர் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

"டிக்கெட் எடுக்காம என் வயல்ல ஏறப் பாக்குறீங்களா?" என்றார்.

"ஓரமாப் போயிருவோம் சித்தப்பா."

"ஓரமாப் போறேன்னுதான் எல்லா டிரைவரும் சொல்லுவான். நான் பாக்காத டிரைவரா?" செய்தித்தாளை மடித்தார். "அந்தப் பொண்ணு நெல்லு முளைச்சுப் போச்சுன்னா நான் எப்படி அந்தப் பக்கம் தலைகாட்டறது? ஒரே தடம். போன தடத்துலயே திரும்பி வரணும். நான் வந்து நிப்பேன்."

மறுநாள் பனி விலகுவதற்குள் வந்து நின்றார். மிஷினுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, "ரைட்... ரைட்..." என்று கையை ஆட்டிக்கொண்டே போனார். மிஷினின் ரப்பர் பெல்ட் தடத்தை விட்டு ஒரு சாண் விலகினாலும் "ஹோல்டான்" என்று ஒரு அதட்டல். டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார். உள்வயல் அக்கா மட்டும் சிரிக்கவில்லை, கடைசிச் சுற்று முடிகிறவரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் மழை வந்தபோது அவர் நெல் மூட்டையில் இருந்தது. கண்டக்டர் வயலில் மேற்கு ஓரமாக ஒரு மிஷின் அகலத்துக்கு உளுந்து நசுங்கியிருந்தது.

அண்ணனும் அண்ணியும் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மிஷின்களை நானும் டிரைவர்களும் பார்த்துக்கொள்கிறோம். வழிப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆடி வந்தால் 'கேட்டாச்சு' என்பதெல்லாம் தானாக அழிந்துவிடும். போன வருஷம் சரி என்றவர் இந்த வருஷமும் சரி என்பார் என்று எப்படித் தெரியும் என்று நான் பயந்ததால் அண்ணி அப்படி எழுதி வைத்தார். மார்கழியில், ஒவ்வொருவரிடமும் மறுபடி போய்க் கேட்கவேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. போன் செய்து, "கண்டக்டர் சித்தப்பா வரியை மட்டும் அழியாம வச்சுரலாமா அண்ணி? அவர் மாட்டேன்னு சொன்னதே இல்ல," என்றேன்.

"ரெண்டு நிமிஷ வேலை. வச்சுட்டா உனக்குத் தூக்கம் வருமா?"

வேண்டாம் என்றேன்.

போன வாரம் உள்வயல் அக்கா கூப்பிட்டார், நெல் பழுத்துவிட்டதாம். அவர் வயலைத் திறந்து பார்த்தேன். கண்டக்டர் வரியில் கட்டம் காலியாக இருந்தது. சைக்கிளை எடுத்தேன். கண்டக்டர் வீட்டுத் தெருவுக்குத் திரும்புகிறவரை, இந்த வருஷம் என்ன சொல்வாரோ என்ற நினைப்புதான்.