ஹல்மில்லப் பீப்பாய்

என் தாய்மாமா மொனராகலைப் பக்கம் ஒரு கரும்பு ஆலையில் வேலை செய்தார். அங்கே கரும்புச் சாராயத்தை வருடக்கணக்காக ஊறவைக்கும் மரப்பீப்பாய்களில் ஒன்றைக் கழித்தபோது, அதைக் கேட்டு வாங்கி, மஸ்கெலியாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லயத்து வீட்டு வாசலில் லொறியிலிருந்து இறக்கினார்.

"ஹல்மில்ல மரம்க்கா. ஒழுகவே ஒழுகாது. தண்ணி புடிச்சி வச்சிக்கங்க."

கொழுந்து பறித்துவிட்டு வந்து, மலைத்தண்ணீர் விழும் பீலியில் வரிசை நின்று அலுத்திருந்த அம்மாவுக்கு அது பெரிய வரம். ஆனால் ஊற்றிய தண்ணீரெல்லாம் சாராயமாக மணத்தது. அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தார். தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து ஊற்றினார். மாமா போனில் சொன்னபடி சுண்ணாம்பும் கரைத்து வைத்தார். வெந்நீர் பட்டதும் மணம் இன்னும் தூக்கலாக எழுந்து, நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்கப் பரவியது. எனக்கு அது பிடித்திருந்தது. திருவிழாப் பாகு போல இனித்தது.

அப்பா மட்டும் பீப்பாய்க்கு எட்டவே நின்றார்.

"வேணாம் புள்ள. தண்ணிய நானே சொமந்துட்டு வாரேன்."

"சும்மா இருங்க. ஒரு மரத்துக்கிட்டயா நான் தோத்துப் போவேன்?"

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அப்பா பீப்பாய்க்குள் தலையைக் கவிழ்த்து நின்றிருந்தார். கைகள் விளிம்பை இறுகப் பற்றியிருந்தன.

"என்னாப்பா தேடுறீங்க?" என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கோடாரியை எடுத்துவந்து பீப்பாயைப் பிளக்கத் தொடங்கினார். அந்த மரம் லேசில் பிளக்கவில்லை. அவரும் விடவில்லை.

மலையிலிருந்து அம்மா வருவதைக் கண்டதும் ஓடினேன். "அம்மா, அப்பா பீப்பாவ ஒடைக்கிறாரு!"

ஒரு கோப்பை உடைந்தாலே லயம் அதிரக் கத்துகிற அம்மா, கூடையைக்கூட இறக்காமல் அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு கூடையை என்னிடம் தந்துவிட்டுக் கையை நீட்டினார்.

"கோடாரியக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

பிளந்த பலகைகளில் ஒன்றைக்கூட அடுப்புக்கு வைக்கவில்லை. எல்லாவற்றையும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போன விறகு லொறியில் ஏற்றிவிட்டார்கள். பிறகு இருவரும் குடங்களோடு பீலிக்கு நடந்தார்கள்.

நான் பிறப்பதற்கு முன்பு அப்பா எப்படிக் குடித்தார், எப்படி விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நல்ல பீப்பாய் ஒன்றை வீணாக்கிவிட்டு, ஏதோ ஜெயித்தவர்கள் போல இரண்டு பெரியவர்கள் தண்ணீருக்குப் போகிறார்கள் என்பதுதான்.