ஹவுழுக்கு ஆகாத கால்

எங்கள் குசினி அலுமாரியின் மேல் ஒரு பித்தளைக் கெண்டி இருக்கிறது. மூக்கு சற்று வளைந்துவிட்டது, வயிற்றில் ஒரு நெளிவு. யாரும் அதைப் பாவிப்பதில்லை. பழைய பாத்திரம் வாங்குகிறவன் ஒழுங்கையில் கூவிக்கொண்டு வரும்போதெல்லாம் என் மகள் அதைக் கொடுத்துவிடப் பார்ப்பாள், நான் விடமாட்டேன். வாப்பா மீதுள்ள அன்பினால் வைத்திருக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள். அன்பும்தான். ஆனால் அதைவிடக் கோபம்தான் கூட. மாரி பிறந்து கடற்பக்கமிருந்து கூதல் காற்று வீசத் தொடங்கியதும் என் முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்துக் கடிக்கத் தொடங்கும். வாப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அந்தத் தோல்தான். சொறிந்துகொண்டே நிமிர்ந்து அந்தக் கெண்டியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

வாப்பா எங்கள் பகுதிப் பள்ளியில் மோதினாராக இருந்தார். ஐந்து நேரமும் பாங்கு சொல்வது, பாய் விரிப்பது, கூட்டுவது, ஹவுழைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. ஹவுழ் என்பது பள்ளி முற்றத்திலிருந்த பெரிய சீமெந்துத் தொட்டி. தொழ வருகிறவர்கள் அதைச் சுற்றிக் குந்தியிருந்து, தண்ணீரை அள்ளி, முகமும் கையும் காலும் கழுவி வுழூச் செய்வார்கள். வாப்பாவின் குரல் இனிமையான குரல் என்று பொய் சொல்லமாட்டேன். கொஞ்சம் கரகரத்த குரல். ஆனால் விடியற்காலையில் ஒரு சுபஹுக்கும் பிந்தாத குரல். ஊரில் அவருக்கு வேறு பெருமை எதுவும் இருக்கவில்லை. வயல் இல்லை, தோணி இல்லை, கடை இல்லை. பள்ளியும், முதல் வரிசையில் இமாமுக்குப் பின்னால் நிற்கும் அந்த இடமும்தான் அவருக்கு இருந்தவை.

பள்ளி நிர்வாகத்தின் தலைவர் வேறு யாருமில்லை, என் மாமா, உம்மாவின் மூத்த காக்கா. நெல் வியாபாரி. அக்கரைப்பற்று வரைக்கும் அவருடைய லொறி ஓடியது. ஒரு மாரியில் ஹவுழடியில் பாசி பிடித்து வயதான ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து போனார். உடனே மாமா ஒரு கட்டளை போட்டார். வியாழக்கிழமை மட்டும் கழுவின ஹவுழை இனி ஒன்றுவிட்டு ஒருநாள் கழுவ வேண்டும், பிளீச்சிங் தூளைக் கஞ்சத்தனம் பார்க்காமல் போட வேண்டும். மேலே மழை தூறிக்கொண்டிருக்க, வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று தும்புத் தூரிகையால் சுவரைத் தேய்ப்பார். வீட்டுக்கு வரும்போது அவர் மேலில் பிளீச்சிங் மணம் அடிக்கும். கால் இரண்டும் சாம்பல் பூசியது போல வெளுத்திருக்கும்.

அந்த மாரியில்தான் கடி தொடங்கியது. முதலில் சொறிய வெட்கப்பட்டார். பின்வாசல் படியில் இருந்து, ஒரு காலின் குதியால் மற்றக் காலை மெல்ல உரசிக்கொண்டே எங்களோடு கதைப்பார். பிறகு மரச்சீப்பை எடுத்தார். உம்மா சீப்பை ஒளித்து வைத்தால் தேங்காய்ப் பொச்சை எடுப்பார். தோல் வெடித்து, செதில் செதிலாக உரிந்து, அங்கங்கே இரத்தம் கசிந்தது. உம்மா தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தா. வேப்பிலை அவித்த தண்ணீரைப் பொறுக்க முடியாத சூட்டில் ஊற்றினா. கார்போலிக் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தா. பண்டாரவளையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பழைய கம்பளிச் சுவேட்டரின் கைகளை வெட்டியெடுத்து, கூதல் படாமல் இருக்கட்டும் என்று வாப்பாவின் கால்களில் மாட்டிவிட்டா. அதோடு கடி இரண்டு மடங்காகியது. வாப்பா அந்தக் கம்பளிக் கால்களோடு முற்றத்தில் குதித்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அந்த மாரியில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஊர் சும்மா இருக்குமா? மோதினாருக்குக் காலில் ஏதோ வந்திருக்கிறது, அந்தக் காலைத்தான் ஹவுழில் கழுவுகிறார், நாளைக்கு எல்லாருக்கும் வரும் என்று கதை கட்டிவிட்டார்கள். ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா வீட்டுக்கு வந்தார். உம்மா தேநீர் கொடுத்தா. அவர் குடிக்காமல் கதிரையின் பக்கத்தில் வைத்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"மச்சான், கோவிக்கப்படாது. ஆக்கள் கதைக்காங்க. கால் சொகமாகும் மட்டும் நீங்க ஹவுழ்ல வுழூச் செய்யாதீங்க. ஊட்டுலரிந்து தண்ணி கொண்டு வாங்க" என்றார்.

குசினிக்குள்ளிருந்து உம்மாதான் கேட்டா. "காக்கா, இது தொத்துற வருத்தம் எண்டா மொத எனக்கெல்லுவா வந்திரிக்கணும்? நானெல்லுவா அந்தக் காலத் தேய்ச்சிக் கழுவுற?"

"உனக்கு என்ன தெரியும் புள்ள, நீ சும்மா இரி."

வாப்பா சாரனை இழுத்துக் கணுக்கால் மறையும்படி விட்டுக்கொண்டார். "ஓம் மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விருந்தாளிகள் வந்தால் சாப்பிடமுன் கை கழுவ ஊற்றுவதற்கென்று வீட்டில் இருந்த கெண்டி இது. புளி போட்டு விளக்கி, பளபளவென்று அலுமாரியில் வைத்திருப்போம். அடுத்தநாள் சுபஹிலிருந்து வாப்பா அதில் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். வாசலுக்கு வெளியே, செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் ஊத்தைத் தண்ணீர் வடிந்தோடும் கானில் குந்தியிருந்து வுழூச் செய்துவிட்டு, உள்ளே போய் அதே ஊருக்குப் பாங்கு சொன்னார். வாருங்கள் என்று அவர் கூப்பிட்டார், வந்தவர்கள் அவரை விலகிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழும்போது தோளோடு தோள், காலோடு கால் ஒட்டி நிற்க வேண்டும், இடைவெளி விடக் கூடாது என்று இமாம் ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் திரும்பிப் பார்த்துச் சொல்வார். ஆனால் வாப்பாவின் இரண்டு பக்கமும் இடைவெளி விழுந்தது. ஒருவரும் தன் பாதம் அவர் பாதத்தில் படவிடவில்லை. வாப்பா இதை வீட்டில் சொல்லவேயில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளைதான் வந்து சொன்னார். "நான் போய் அவருக்குப் பக்கத்துல நிண்டன். மத்தப் பக்கத்த நான் என்ன செய்ய?" என்றார். அவர் மீது எனக்கு எத்தனையோ குறை உண்டு. அந்த ஒன்றுக்காக மற்றதையெல்லாம் மன்னித்திருக்கிறேன்.

இதில் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். ஹவுழில் வுழூச் செய்யாதே என்றார்களே தவிர, ஹவுழைக் கழுவாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் வாப்பா அதே வெடித்த கால்களோடு அதே தொட்டிக்குள் இறங்கி நின்று தேய்த்தார். இறைத்து ஊற்றப்போகிற தண்ணீர்தானே என்று வைத்துக்கொண்டார்களோ என்னவோ. வுழூச் செய்ய ஆகாத கால், ஊத்தை கழுவ மட்டும் ஆகும். படித்தவர்கள், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள், மார்க்கம் பேசுகிறவர்கள் இருந்த ஊர் இது. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் வேறு யார் இறங்கிக் கழுவுவது?

நான் வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோல் கிளினிக்கில் இருந்த பெண் வைத்தியர் கையுறை போடாமலே வாப்பாவின் காலைத் தூக்கித் தன் மடிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். வாப்பா பதறிக் காலை இழுத்தார், அவர் விடவில்லை. என்ன வேலை, எந்தத் தண்ணீரில் நிற்கிறீர்கள், அதில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். இது தொற்று இல்லை. கூதலுக்குக் காய்கிற தோல், பிளீச்சிங் தண்ணீரில் வெந்திருக்கிறது. சுடுதண்ணீரும் கார்போலிக்கும் அதை இன்னும் காய வைத்திருக்கின்றன. கழுவிய கையோடு, ஈரம் முழுதாகக் காயமுன் எண்ணெய் பூசுங்கள், அந்தத் தொட்டிக்குள் இறங்க வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். வாப்பாவின் காலிலிருந்து தண்ணீருக்கு ஒன்றும் போகவில்லை. தண்ணீரிலிருந்துதான் அவர் காலுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாமாவின் வீட்டுக்குப் போனேன். வைத்தியர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"சரி மகள், நான் நிர்வாகத்துல கதைச்சிப் பாக்கன்" என்றார்.

"வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்ச ஒடன நீங்க எழும்பி ஒரு சொல்லுச் சொன்னாக் காணும் மாமா."

"இதையெல்லாம் மைக்குல சொல்லுவாங்களா புள்ள?"

செருப்பு மாறிப் போனதை மைக்கில் சொல்கிற பள்ளி. சாவிக் கொத்து கிடந்து எடுத்ததைச் சொல்கிற பள்ளி. ஒரு மனிதனின் காலில் நோயில்லை என்பதை மட்டும் சொல்ல மைக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஹவுழ் கழுவ வேறொருவரைப் போட்டார்கள். அதை மாமா எங்களுக்குச் செய்த பெரிய உபகாரமாகப் பிறகு பல தடவை சொல்லிக் காட்டினார்.

மாரி முடியமுன்னமே வாப்பாவின் கால் நல்லெண்ணெயில் தேறிவிட்டது. தோல் மினுமினுவென்று வந்தது. ஒரு அஸருக்கு வாப்பா கெண்டியை எடுக்காமல் போனார். உம்மா வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றா. பெருநாளுக்குப் போகிற ஆள் போலத்தான் போனார். பள்ளியில் ஹவுழடியில் குந்தியிருந்து சாரனை உயர்த்தி, எல்லாரும் பார்க்கட்டும் என்பது போலக் காலை நீட்டிக் கழுவினாராம். பக்கத்தில் வுழூச் செய்துகொண்டிருந்தவர் பாதியில் எழும்பி எதிர்ப்பக்கம் போய் இருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாராம். இதையும் என் மாப்பிள்ளைதான் சொன்னார்.

அன்றைக்குப் பொழுதுபட்டு மஃரிபுக்கு வாப்பா மீண்டும் கெண்டியில் தண்ணீர் நிரப்பினார். "கால் சொகந்தானே வாப்பா, இன்னும் என்னத்துக்கு இது?" என்று கேட்டேன்.

"எனக்குச் சொகம் மகள். அவங்களுக்குத்தான் இன்னும் சொகமாகல்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஹவுழைத் தொடவேயில்லை. மௌத்தாகும் வரைக்கும் அந்தக் கெண்டியோடுதான் பள்ளிக்குப் போனார், அதே கானில்தான் கால் கழுவினார். ஜனாஸாவை அடக்கிய அன்று சனம் நிறைந்து வழிந்தது. உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆளுக்கு ஆள் முண்டியடித்தார்கள். ஒரு சுபஹுக்கும் பிந்தாத மனிசன் என்று மாமா அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னார். அன்றைக்கு வாப்பாவின் பக்கத்தில் ஒரு இடைவெளியும் இருக்கவில்லை. நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

இப்போது அந்த ஹவுழ் இல்லை. அதை மூடி மாபிள் பதித்து, வரிசையாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். புது மோதினாருக்கு நல்ல குரல். மாமா தலைமையை எப்போதோ விட்டுவிட்டார், ஊன்றுகோலோடு நடக்கிறார். போன மாரியில் ஒருநாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தவர் கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோலின் நுனியால் கணுக்காலைச் சொறியத் தொடங்கினார். சாரனைச் சற்று உயர்த்திக் காட்டினார். வாப்பாவின் கால் அப்படியே.

"கூதலுக்கு ஒரே கடி மகள். உன்ட வாப்பா என்னத்தப் பூசின?" என்று கேட்டார்.

சொன்னேன். கழுவிய ஈரத்தோடு நல்லெண்ணெய், சுடுதண்ணீர் கூடாது, கார்போலிக் கூடாது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "என்ட மகள் என்ட துவாயப் புறம்பா வெச்சிரிக்காள். பேரப்புள்ளகள மடியில வெக்க உடுறாள் இல்ல. இது தொத்துமா மகள்?"

"தொத்தாது மாமா" என்றேன். "அண்டைக்கும் தொத்தல்ல."

அவர் சாரனை இழுத்துக் கணுக்கால் மறையும்படி விட்டுக்கொண்டார். அஸர் பாங்கு கேட்டது. இனிப் பள்ளிக்கு நடந்து போக ஏலாது, இங்கேயே தொழுகிறேன், வுழூச் செய்யத் தண்ணீர் வேண்டும் என்றார். நான் குசினிக்குப் போய் அலுமாரியின் மேலிருந்து கெண்டியை எடுத்துத் தூசி கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். மாமா அதைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"குழாய் எந்தப் பக்கம் மகள்?" என்று கேட்டார்.

காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போனார். நான் கெண்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் படியில் இருந்து, அந்தத் தண்ணீரை என் கடிக்கிற காலில் ஊற்றிக்கொண்டேன்.