பூஜைக்கு யாருக்கு லீவு

சோஷலிசத்துக்கு எதிராக ஜனங்கள் சொல்லும் ஆட்சேபங்கள் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது, அதுதான் காரணம். கல்லூரி விடுதியில் படித்த புத்தகங்கள் சூடு ஆறாமல் மண்டைக்குள் கிடந்தன. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிகளின் கணினிகள் நின்றுபோனால் இங்கிருந்தபடியே ஓட வைப்பது எங்கள் டீமின் பொறுப்பு. முதலில் ஒன்பது பேர். நாலு மணிக்கு எல்லோரும் கீழே இறங்கி எதிர்ச்சாரி டீக்கடையில் மண்குவளையோடு நிற்போம். என் பிரசங்கம் அங்கேதான்.

எதிர்க்கட்சி என்று நிரந்தரமாக ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய அப்பா பம்ப்செட் பட்டறை நடத்தி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரின்னா எவன் தம்பி வேலை செய்வான்? எங்கப்பா நாள் முச்சூடும் லேத்துல நின்னது ஊருக்காக இல்லீங்க. எங்களுக்காக."

"அதே பட்டறையில மத்த லேத்துல நின்னவங்க யாருக்காக அண்ணே நின்னாங்க?"

"சரி, அதை விடுங்க. உங்க நாட்டுல சாக்கடை யார் அள்ளுவாங்க?"

"இப்ப யாரு அள்ளுறா? வேற வழியில்லாதவன். அவனுக்கு வேற வழி கிடைச்சிருச்சுன்னா ஊரு நாறிப்போகும்னு பயப்படுறது ஒரு வாதமாண்ணே? முறை வச்சு அள்ளுவோம். நீங்களும் நானும் இறங்கணும்னு ஆயிருச்சுன்னா ஒரே வாரத்துல மிஷின் வந்துரும்."

டீக்கடையே சிரிக்கும். அண்ணனும் சிரிப்பார். சிரிப்பு வந்துவிட்டால் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

சிரிக்காத ஒருவர் எங்கள் மேனேஜர் தாதா. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், பாய் என்றால் தம்பி. "பாய், நீ அதைப் புத்தகத்துல படிச்சே. நாங்க முப்பத்துநாலு வருஷ இடதுசாரி ஆட்சியில அதுக்குள்ளேயே குடியிருந்தோம்" என்பார். ஆற்றங்கரையோரம் பூட்டிக் கிடக்கும் ஆலைகளில் ஒன்றில் அவர் மாமா வேலை பார்த்தவர். அதற்கும் என்னிடம் உடனடிப் பதில் உண்டு: "அது சோஷலிசமே இல்ல தாதா. சுத்தி முதலாளித்துவம், நடுவுல ஒரு மாநில அரசு. கையில பாதிச் சாவிகூட இல்ல." அவர் டீயை உறிஞ்சிவிட்டு, "தோத்துப்போனா உடனே அது 'அது' இல்லைன்னு ஆயிடுது, இல்லே?" என்பார். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பூட்டிய கேட்டின் முன்னால் மாமாவோடு போய் நின்ற ஒருவரிடம் அதை அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

'மனுஷன் அடிப்படையிலேயே சுயநலக்காரன்' என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் நான் புத்தகத்தைத் தேடியதில்லை. எங்கள் டீமையே காட்டுவேன். துர்கா பூஜை நாலு நாளும் கொல்கத்தாவே தெருவில் இருக்கும். ஆஸ்பத்திரிக் கணினிகளுக்கு அது தெரியாது. அதனால் அந்த நாலு நாளும் தமிழர்கள் டெஸ்க்கில் உட்காருவோம், வங்காளிகள் வீட்டுக்குப் போவார்கள். பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போவோம். அவர்கள் அவர்களுடைய சங்கராந்திப் பிட்டே பலகாரத்தை டப்பாவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு எங்களுக்காக உட்காருவார்கள். எவரும் எழுதிவைக்காத ஏற்பாடு. "இதுக்கு எந்த போனஸ் குடுத்தாங்க? எவன் மிரட்டினான்?" என்று கேட்பேன்.

"இது பண்டமாத்துங்க தம்பி. சந்தை" என்பார் அண்ணன்.

போன வருஷத்துக்கு முந்தின பூஜைக்குமுன் இரண்டு தமிழர்கள் பெங்களூருக்கு மாறிப் போனார்கள். மிச்சம் நாங்கள் மூன்றே பேர்: நான், அண்ணன், திதி. திதி என்றால் வங்காளத்தில் அக்கா. டீம் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும், நானும். பவானிபூரில் பிறந்து வளர்ந்தவர். அவர் குடும்பம் இங்கே வந்து நாலு தலைமுறை ஆகிறது. வீட்டில் தமிழ், வெளியில் வங்காளம், கோபம் வந்தால் இரண்டும்.

பழைய ஏற்பாடு இனித் தாங்காது, முறையாக ஒரு ரோஸ்டர் போட்டாக வேண்டும் என்று ஆனது. மேனேஜர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "நம்ம காம்ரேட் போடட்டுமே. அவனவன் தேவைக்கு ஏத்தபடி."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரே மத்தியானத்தில் முடித்தேன். நாளுக்கு இரண்டு பேர் வேண்டும். நாலு நாளும் நானே ஒருவன் என்று போட்டுக்கொண்டேன், தியாகம் முதலில் நம்மிடமிருந்து தொடங்க வேண்டும் என்று. சப்தமிக்கும் நவமிக்கும் அண்ணன். அஷ்டமிக்கும் தசமிக்கும் திதி. அண்ணனுடைய மனைவியும் மகளும் பூஜை பார்க்க அஷ்டமியன்று காலை ஹௌராவில் வந்து இறங்குகிறார்கள். அதை அவர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆகவே அந்த நாள் அவருக்கு விடுப்பு. வங்காளிகள் நால்வருக்கும் நாலு நாளும் விடுமுறை. அட்டவணையில் ஆளுக்கொரு நிறம் கொடுத்து அனுப்பினேன். 'சபாஷ்' என்று மேனேஜர் பதில் போட்டார்.

மூன்றாம் நாள் டீக்கடையில் திதி குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லார் தேவையும் பார்த்துப் போட்டேன்னியே, என் தேவை என்னன்னு நோக்கு யாருடா சொன்னா?"

"திதி, உங்களுக்கு... நீங்க தமிழ்தானே. பூஜோ உங்களுக்கு..."

"அரே! நான் பொறந்தது பவானிபூர்ல. ரெண்டு வயசுலேர்ந்து அந்தப் பந்தல்ல கெடக்கேன். பொங்கலுக்கு எங்கே போறேன் நான்? எங்காத்து பால்கனிக்கா?"

பிறகு விஷயம் வந்தது. அஷ்டமி முடிந்து நவமி பிறக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சந்திப் பூஜை நடக்கும். அம்மன் முன்னால் நூற்றெட்டு அகல் ஏற்ற வேண்டும். அந்த வருஷம் அது அஷ்டமியன்று மத்தியானமே விழுந்தது. விளக்கேற்றும் வேலையைத் தெருப் பெண்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வது வழக்கம். திதி வீட்டுக்கு எல்லா வருஷமும் பிரசாதம் வரும், அழைப்பு வரும், ஆனால் வேலை வராது. 'மத்ராசி வீடு' என்று அன்பாகவே விலக்கி வைத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் முதல்முறையாக, அகல் வரிசை திதியுடையது என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். இவரும் சரி என்று சொல்லிவிட்டிருந்தார்.

"வரலைன்னா கோச்சுப்பாங்களா திதி?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. அடுத்த வருஷம் கேக்க மாட்டா. அவ்ளோதான்."

அண்ணன் மெதுவாக என் தோளில் கை வைத்தார். "தம்பி, இதுக்குப் பேருதானுங்களே மத்தியத் திட்டம்?"

'யாருக்கு என்ன தேவை என்று மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?' என்பது சோஷலிசத்துக்கு எதிரான ஆட்சேபங்களிலேயே கனமானது. அதற்கும் ஒரு பதிலை மனப்பாடமாக வைத்திருந்தேன். அதை வைத்திருந்தவனே ஏழு பேர் டீமில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கேட்காமல், அவர் பேசும் மொழியைப் பார்த்து அவர் பண்டிகையைத் தீர்மானித்திருந்தேன்.

அண்ணன் தானே அஷ்டமிக்கு உட்காருகிறேன் என்று தொடங்கினார். "பாப்பாவ ஹௌராவுல யாரு போய்க் கூட்டிண்டு வருவா?" என்று திதியே தடுத்துவிட்டார். ஒருவரிடமிருந்து பிடுங்கி வாங்கின நாளோடு போய் விளக்கேற்ற முடியாது என்றார்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய் ரோஸ்டரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். அரை மணி நேரம் கேட்டேன். ஏழு பேரையும் சின்ன அறையில் உட்கார வைத்து, என் தப்பை முதலில் சொன்னேன். பிறகு ஒவ்வொருவரையும், அந்த நாலு நாளில் என்ன வேண்டும், எதை விட முடியும் என்று கேட்டேன். வாய் திறக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

ஆறாவதாக உட்கார்ந்திருந்தவர் டாலிகஞ்சுக்காரர். நாற்பது வயது, அதிகம் பேசாதவர், மூன்று வருஷமாக என் பக்கத்து மேஜை. அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே வங்காளத்தில் சொன்னார்: "எனக்கு லீவே வேண்டாம்."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க வீட்டு பால்கனிக் கம்பியிலதான் ஒலிபெருக்கி கட்டுவாங்க. காலையிலேர்ந்து மேளம். நாலு நாள் தலைவலி. நான் பாத்ரூம்ல உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். இங்க ஏசி இருக்கு, நிம்மதி இருக்கு. பூஜோ வேண்டாம்னு சொல்ற வங்காளியை நீங்க என்ன நினைப்பீங்களோன்னு..."

"கீ காண்டோ! என்ன கூத்து இது!" என்று மேனேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பன்னண்டு வருஷமா உனக்கு லீவு குடுத்துக் கொடுமைப்படுத்தியிருக்கோமா?" அன்று அந்த அறையில் எழுந்த சிரிப்பை நான் எந்த வாதத்திலும் சம்பாதித்ததில்லை.

அஷ்டமி அவருக்குப் போனது. நவமியையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தசமி தனக்குச் சரி என்று திதி சொன்னார்.

அண்ணன் விடுகிற ஆளில்லை. படியிறங்கும்போதே ஆரம்பித்தார். "ஏழு பேருக்குச் சரிங்க தம்பி. ஏழு கோடிப் பேரை ஒரு ரூம்ல உட்கார வெப்பீங்களா? அதுக்குத்தானுங்களே விலைன்னு ஒண்ணு இருக்குது. யாருக்கு எது வேணுமோ அது தானா தெரிஞ்சுரும்."

வழக்கம்போல் பதில் நாக்கு நுனிக்கு வந்தது. ஒரு மாடி இறங்கும்வரை அடக்கி வைத்தேன். பிறகு, "விலை வச்சிருந்தா அந்த நாளை யாரு வாங்க முடியும்கிறது தெரிஞ்சிருக்கும்ணே. யாருக்கு வேணும்கிறது தெரிஞ்சிருக்காது" என்றேன். "என் ரோஸ்டருக்கும் தெரியல. வாய் உள்ளவங்க சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு. உங்க சந்தைக்குப் பணம் உள்ளவன் சொல்றது மட்டும் கேக்கும். ரெண்டுமே செவிடுதான். கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், பயமில்லாம சொல்ற மாதிரி கேக்கணும். ஏழு கோடிக்கு அதை எப்படிச் செய்யறதுன்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியாது. ஏழு ஏழு பேரா ஆரம்பிக்கலாம்னு மட்டும் தோணுது."

"தெரியாதுன்னு நீங்க சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றார் அண்ணன். கேலியாகத் தோன்றவில்லை.

நான் இன்றும் அதே கட்சிதான். அந்த ஆட்சேபத்தை முன்பைவிட மதிக்கிறேன், அவ்வளவே. திட்டம் கூடாது என்று அது நிரூபிக்கவில்லை. கேட்காமல் போடுகிற திட்டம், நல்லெண்ணத்தோடு போட்டாலும், அதிகாரம்தான் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அஷ்டமியன்று செக்டர் ஃபைவில் காக்காய்கூட இல்லை. டாலிகஞ்சுக்காரர் ஒரு ஃப்ளாஸ்க், ஒரு துப்பறியும் நாவல், கால் நீட்ட ஒரு நாற்காலி என்று வந்து அமர்ந்து, "ஆஹா, என்ன ஒரு அமைதி!" என்று கண்ணை மூடினார். மத்தியானம் என் போன் அதிர்ந்தது. திதியின் அம்மா வீடியோ காலில் காட்டினார். எடுத்தவுடனே தாக் மேளம் அறையைப் பிளந்தது.

"ஏ பாய், ம்யூட் பண்ணு, ம்யூட் பண்ணு!"

ம்யூட் செய்தேன். டாலிகஞ்சுக்காரரே நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். சத்தமில்லாத புகைக்குள் திதி முழங்காலில் நகர்ந்து நகர்ந்து வரிசையாக ஏற்றிக்கொண்டு போனார். முந்தானை நெருப்பில் படாமல் பின்னாலிருந்து ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டே, வலது ஓரத்தைக் காட்டி ஏதோ அதட்டினார். அங்கே ஒன்று அணைந்திருந்தது போலிருக்கிறது. திதியும் திரும்பி ஏதோ அதட்டிவிட்டு, அந்தப் பக்கம் நகர்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கணினியில் சிவப்பாக ஒரு ஆஸ்பத்திரிப் புகார் டிக்கெட் வந்து மினுக்கியது. நான் எழப்போனேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு நாவலைக் கவிழ்த்தார்.

"நான் பார்த்துக்கறேன். நீ அதைப் பாரு."