மேல்சரிவில் அவிழ்ந்த வேலி

கந்தப்புவை மலையடிவார ஊரான ஆயர் ஈத்தாமில் யாருக்கும் பிடிக்காது. வெள்ளைக்காரன் காலத்தில் அவர் காட்டிலாகா மேற்பார்வையாளர். திருட்டு விறகு வெட்டியவர்களின் கத்திகளைப் பிடுங்கியவர். ஜப்பான்காரன் வந்ததும் அவர் வேலை போய்விடும் என்று பலர் காத்திருந்தார்கள். போகவில்லை. 1943இல் மலைச்சரிவைத் திருத்தி மரவள்ளி நட உத்தரவு வந்தது. காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க ஐந்து ஆட்களைக் கொடுத்து, கந்தப்புவையே தலைவராக வைத்தார்கள். துப்பாக்கிகள் ஏற்கெனவே பறிக்கப்பட்டிருந்தன. அவர்களிடம் இருந்தவை ஈட்டிகளும், பிரம்பு நாரால் கட்டிய மூங்கில் வேலியும்தான்.

ஐவரில் ஒருவர் பால்ராஜ், என் தாத்தா.

கீழ்ச்சரிவில் நடுவதைக் கந்தப்பு தடுக்கவில்லை. மேல்சரிவு வேறு. அங்கே இறங்கும் ஓடையிலிருந்துதான் ஊருக்குத் தண்ணீர் போனது. மரங்கள் போனால் மண் ஓடைக்குள் வந்துவிடும் என்று ஜப்பானிய அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி ஆட்களின் முன்னாலேயே அவர் கன்னத்தில் அறைந்தார்.

"தொரைக்கு நல்ல மரியாதைலா," என்றார் பால்ராஜ், அவர் காதில் விழும்படி.

முப்பது குடும்பங்கள் மேல்சரிவில் புதர்களை எரித்து, பெரிய மரங்களுக்கிடையே கிழங்கு நட்டன. முதல் அறுவடை முடிந்ததும் மரங்களைச் சாய்ப்பதாக ஏற்பாடு. என் பாட்டி அமலம்மாளும் அங்கே ஒரு துண்டில் நட்டிருந்தார்.

கிழங்கு பருக்கும் முன்பே பன்றிகள் புகுந்தன. திரும்ப நட்டார்கள், திரும்பவும் புகுந்தன. கீழ்ச்சரிவு வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாக மேல்சரிவை விட்டு இறங்கின.

மாலையில் ஆட்கள் இறங்கிய பிறகு, கடைசிச் சுற்றுக்குத் தலைவர் தனியாகப் போவது வழக்கம். ஒரு காலையில், பன்றி புகுந்த இடத்தில் கிடந்த நாரைப் பால்ராஜ் எடுத்துப் பார்த்தார்.

"ஐயா, பன்னி முடிச்சு அவுக்குமா?"

கந்தப்பு சாய்ந்திருந்த மூங்கிலை நிமிர்த்தினார்.

"முட்டி ஒடச்சிருந்தா நார் பிஞ்சிருக்கும். இது முழுசா இருக்கு. படிச்ச பன்னியோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"நான்தான் அவிட்டனான்," என்றார் கந்தப்பு. "இந்தச் சரிவு போச்சுதெண்டால் ஊருக்குத் தண்ணி இல்லை. நீர் போய் அவங்களிட்டைச் சொல்லும்."

சிரிப்பு நின்றது. சொன்னால் கந்தப்புவின் தலை போகும். கூட இருந்த ஐவரையும் சும்மா விடமாட்டார்கள்.

பால்ராஜ் ஈட்டியை அவர் மார்புக்கு நேரே பிடித்தார். "எம் பொண்டாட்டி ரெண்டு தடவ நட்டா. ரெண்டையும் பன்னிக்கு ஆக்கிப் போட்டீங்க. எம் புள்ள என்னத்தத் திங்கும், மரத்தையா?"

கந்தப்பு அசையவில்லை. கடைசியில் பால்ராஜ் ஈட்டியைத் தாழ்த்தி விலை சொன்னார். "இனிமே தலைவருன்னு உங்களுக்குக் குடுக்குற அரிசி எங்க அஞ்சு வீட்டுக்கு. நீங்க கெழங்கு தின்னுங்க. தின்னாத்தான் தெரியும்."

"மேலே ஒருத்தரும் நடக் கூடாது."

"நட மாட்டோம். மத்தவங்களையும் எறக்கிடறோம்."

அப்படியே நடந்தது. மேலே பன்றியைத் தடுக்கவே முடியாது என்று அந்த ஐவரே மிச்சக் குடும்பங்களிடம் சொல்லி இறக்கினார்கள். பங்கீட்டு அரிசி வந்த நாளிலெல்லாம் பால்ராஜ் கந்தப்புவின் வாசலில் நின்றார். நன்றி சொன்னதில்லை. உள்ளேயிருந்து கந்தப்புவின் மனைவி செல்வநாயகியின் குரல் வரும்: "நீங்கள் ஒரு மரத்தைக் கலியாணம் கட்டியிருக்கலாம்."

கிழங்கு மட்டுமே தின்று, 1945 ஜூனில் கால் வீங்கி, மூச்சு முட்டிச் செல்வநாயகி இறந்தார். ஐந்து வீடுகளிலிருந்தும் யாரும் சாவுக்குப் போகவில்லை. அந்த வாரமும் அரிசி வந்தது. பால்ராஜ் போய் வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. காடுகளைப் பற்றிப் படித்தேன். மேல்சரிவு மரங்கள் இன்றும் நிற்கின்றன. கந்தப்பு காப்பாற்றிய காடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தன் சோற்றை அவர் கொடுத்தது சரி. செல்வநாயகியின் சோற்றைக் கொடுக்க அவர் யார்? அதை வாங்கித் தின்ற வீட்டில் பிறந்த நான் இதைக் கேட்கலாமா?

பால்ராஜின் மகள் ஐரீன், என் அம்மா, நான் எழுதிய வரைக்கும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அந்தாள நல்லவர்னு எழுதாத," என்றார். "எங்க அப்பாவயும் அப்படி எழுதாத. அந்தப் பொம்பளைக்கு வச்சிருந்த அரிசிய நானுந்தான் தின்னேன். அத எழுது."