ஒன்பதாம் பக்கத்து ஒற்று அக்கா

விளம்பரத்தைப் படித்து முடிப்பதற்குள் அதைத் திருத்தியும்விட்டார் ஒற்று அக்கா. இணையத்தில் வேலை கொடுப்போரும் தேடுவோரும் கூடும் தளம் அது. "தமிழ் கட்டுரைகளை பிழை திருத்த ஆள் தேவை" என்று யாரோ போட்டிருந்தார்கள். மற்றவர்களெல்லாம் "ஐயா வணக்கம், எனக்குப் பத்து வருட அனுபவம்" என்று குழைந்துகொண்டிருக்க, அக்கா இரண்டே வரி எழுதி அனுப்பினார்: "உங்கள் விளம்பரத்தில் ஒரு க், ஒரு ப் காணவில்லை. முதலில் அவற்றைப் போடுங்கள். என்னை எடுப்பதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம்."

இப்படி எழுதினால் பத்தில் ஏழு பேர் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். மிச்சமுள்ள ஒருவர், இந்த அம்மாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் நான்கு வருடமாக அக்காவின் வண்டி ஓடுகிறது.

அதற்கு முன் பதினெட்டு வருடம் மருந்துக்கடையில் நின்றவர். டாக்டர்களின் கிறுக்கலையே எழுத்துக்கூட்டிப் படித்த கண்ணுக்குக் கணினி எழுத்தில் பிழை தப்புமா? முழங்கால் இனி நிற்க முடியாது என்றதும் சமையலறையை ஒட்டிய மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டார். தளத்தில் இருக்கும் அவருடைய படத்தை உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சட்டைத் தோள் தெரியும். அது வீட்டுக்காரருடையது. "வெட்டினா என் காதும் சேர்ந்து போயிடுது. இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

குடியிருப்பின் லிஃப்டில் ஒட்டும் அறிவிப்புகளுக்கும் சிவப்புப் பேனா உண்டு. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். உள்ளூர அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. வீட்டுக்காரர் முன்னாள் பேருந்து ஓட்டுநர், லேசில் விடமாட்டார். "ஊருக்கெல்லாம் ஒத்து போடுறா, என்கூட மட்டும் ஒத்துப்போக மாட்டேங்கறா!"

போன மாதம் ஒரு மகானுபாவர் இரண்டே நட்சத்திரம் கொடுத்து, "நன்றாகத் திருத்தினார். நன்றாகத் திட்டவும் செய்தார்" என்று எழுதிவைத்துவிட்டார். அவ்வளவுதான், தேடலில் அக்காவின் பெயர் ஒன்பதாம் பக்கத்துக்குப் போய் விழுந்தது. ஒன்பதாம் பக்கம் வரை எந்தப் புண்ணியவான் வருவான்? மனுஷி நிஜமாகவே பயந்துவிட்டார். அடுத்து வருபவர் ஐந்து நட்சத்திரம் போட்டால்தான் பிழைப்பு.

அடுத்து வந்தவர் ஒரு கிரேன் ஓட்டுநர். ஒரே ஒரு பக்கம். தன் அக்காவுக்கு எழுதிய கடிதம். அந்த அம்மாளின் அறுவை சிகிச்சையின்போது இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று மூன்று வருடமாகப் பேச்சில்லை. "எங்கக்கா டீச்சர், மேடம். தப்பு இருந்தா ரெண்டாவது வரியிலேயே கிழிச்சுப் போட்டுடுவா. எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க" என்று கெஞ்சியிருந்தார்.

நாற்பத்தொரு பிழை. ஒற்று அக்கா ஒன்றையும் விடவில்லை. அந்த உற்சாகத்திலேயே 'நீ'யை எல்லாம் 'தாங்கள்' ஆக்கி அனுப்பினார். உடனே பதில் வந்தது.

"தப்பே இல்ல மேடம். ஆனா நான் எழுதின மாதிரி இல்ல. வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. 'தாங்கள்' மறுபடி 'நீ' ஆயிற்று. அதில் பிழையொன்றும் இல்லை. பிறகு, துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். "அக்கா, இன்னும் என் மேல் கோபமா?"

அவர் சிரித்துவிட்டார். "முப்பது வருஷத்துல என்னைக்காவது என்கிட்ட 'கோபமா'ன்னு கேட்டிருக்கியா? 'கோவமா'ன்னுதானே கேப்ப?"

"அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். நான்தான் திருத்தினேன். பேசறது வேற, எழுதறது வேற."

"அவர் பேசத்தானே எழுதறார்?"

அக்கா சுட்டியை அந்தச் சொல்லின் மேல் கொண்டுபோய் வைத்தார். "அந்த டீச்சரம்மா கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடிக்கட்டுமே. திருத்தறதுக்காவது தம்பிக்கு ஒரு வரி எழுதுவாங்க இல்ல?"

அக்கா 'ப'வை அழித்தார். 'வ' என்று தட்டினார். தட்டிய வேகத்தில் அந்தச் சொல்லின் கீழே ஒரு சிவப்புக் கோடு நெளிந்தது. பிழையாம். கை தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போயிற்று, இழுத்துக்கொண்டார். சுட்டுவிரலால் அந்தச் சிவப்புக் கோட்டை மூடிப் பிடித்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அனுப்பற பட்டனை நீங்களே அழுத்துங்க" என்றார் வீட்டுக்காரரிடம்.